கூட்டுச் சில்லும் அதன் காற்றுக் காப்பும்

(பூண்டுலோயாவிலிருந்து ஒரு பழைய மாணவன்)

நமது கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதுமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, எதனைப் பற்றி எழுதுவதென்று சிறிது தயங்கினேன். இலக்கியத்தையும் சமயத்தையும் பற்றி எழுதுவதற்கு என்னிலும் தகுதி வாய்ந்தோர் நம் பழைய மாணவரிடையே பலர் உளர். நானோ கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்திலிருந்து நேரே தேயிலை மலைக்கு வந்து, எந்திரங்களுக்கிடையே வாழ்நாளைக் கழித்தவன். ஆகவே, நான் அறிந்ததும், இம்மலைநாட்டில் நாள்தோறும் பலர் கையாளுவதும், அறியாமற் கையாண்டால் உயிருக்கே ஊறு செய்வதுமான ஒரு பொருளைப் பற்றி எழுதத் துணிந்தேன். அதுவே பல துண்டுகளைப் பொருத்திச் செய்யப்பட்ட வாகனச் சில்லு. இதனைக் 'கூட்டுச் சில்லு' என்று இங்கே குறிப்பிடுவேன்.

ஒரு மழைக்கால மாலையில், தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயாவுக்கு வரும் பாதையில், தேயிலைச் சரிவை ஒட்டிய வளைவொன்றில் ஒரு முச்சக்கர வண்டி நின்றிருந்தது. அதன் சாரதியான இளைஞன் காற்றுக் குறைந்த சில்லைக் கழற்றித் தரையிற் கிடத்தி, அதன்மேற் குனிந்து, நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டிருந்தான். "தம்பி, காற்றை முழுதும் இறக்கிவிட்டாயா?" என்று வினவினேன். "கொஞ்சந்தான் ஐயா மிச்சம் இருக்கு" என்றான். வால்வின் உள்ளூசியைக் கழற்றச் சொன்னேன். சீறிக்கொண்டு புறப்பட்ட காற்று, அவன் எதிர்பார்த்ததிலும் நெடுநேரம் வந்துகொண்டேயிருந்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான்; ஒன்றும் பேசவில்லை.

நான் அவனைத் தடுத்து நிறுத்தியதற்கு ஒரு காரணம் உண்டு. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், வேறோர் இளைஞன் இவ்வாறே சில்லின்மேற் குனிந்திருக்கக் கண்டும், 'தொழில் தெரிந்தவன்தானே' என்று எண்ணி நான் என் வழியே சென்றேன். மறுநாள்தான் செய்தி அறிந்தேன். பிளந்தெழுந்த ரிம்மின் பாதி அவன் முகத்திற் பட்டு, ஒரு கண்ணின் பார்வை போயிற்று. அன்று நான் கேளாது விட்ட கேள்வியை எல்லோரும் கேட்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூட்டுச் சில்லு தோன்றிய காரணம்

காற்றடைத்த டயருக்கு 1845இல் முதன்முதல் உரிமைப் பத்திரம் பெற்றவர் ரொபேட் வில்லியம் தொம்சன் என்பவர். அது வழக்கில் நிலைக்கவில்லை. 1888இல் பெல்பாஸ்ற் நகரில் வாழ்ந்த ஜோன் பொய்ட் டன்லொப் மீண்டும் அதனைக் கண்டமைத்தபின்னரே உலகம் காற்றின்மேல் உருளத் தொடங்கியது. டயரின் உள்ளோரம் தடித்தது, உருக்குக் கம்பிகள் உட்பொதிந்தது, நீளாதது. ரிம்மின் ஓரமோ அதனிலும் உயர்ந்தது. நீளாத வளையத்தை அதனிலும் பெரிய ஓரத்தின் மேலாக எவ்வாறு ஏற்றுவது? பெரிய மோட்டார்க் காரின் மெல்லிய டயரை, ரிம்மின் நடுவிலுள்ள பள்ளத்தில் ஒரு பக்கத்தை இறக்கி, மறுபக்கத்தை நெம்பி ஏற்றிவிடலாம். ஆனால் சில்லு மிகச் சிறிதாயினும், டயர் மிகத் தடித்ததாயினும் இவ்வுபாயம் கடினமாகிறது. அப்போது ரிம்மையே துண்டுகளாகச் செய்து, டயரை இடையில் வைத்துப் பொருத்திவிடுதல் எளிதாயிற்று.

இவ்வகைச் சில்லுகள் நம்மிடையே நான்கு வடிவங்களிற் காணப்படுகின்றன. முதலாவது, இரு பாதிகளைப் போல்ட்டுகளாற் பிணைத்த சிறு உருக்குச் சில்லு. 1946இல் இத்தாலியில் வெளிவந்த வெஸ்பா ஸ்கூட்டரில் இதனைக் காணலாம். நம் பாதைகளில் ஓடும் முச்சக்கர வண்டியின் எட்டு அங்குலச் சில்லும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இலங்கையிற் பதிவான முச்சக்கர வண்டிகள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை என்பதை எண்ணினால், இப்பொருளின் பரப்பு விளங்கும். இரண்டாவது, இரண்டாம் உலகப் போர்க்காலத்து வில்லிஸ் ஜீப்புகளுக்குப் பூட்டப்பட்ட, போல்ட்டுகளால் இணைந்த இருதுண்டுச் சில்லு. மூன்றாவது, லொறிகளிலும் உழவு இயந்திரங்களின் இழுவைப் பெட்டிகளிலும் உள்ளது. இதில் ரிம்மின் ஒரு பக்க ஓரம் கழற்றத்தக்க வளையமாயிருக்கும். அதனைப் பிடித்து வைப்பது ஒரு பூட்டு வளையம் மாத்திரமே. நான்காவது, பந்தயக் கார்களிலிருந்து வந்த அலுமினியச் சில்லு. நடுத்தட்டு, உட்கூடு, வெளிக்கூடு என மூன்று துண்டுகளைச் சுற்றிலும் பல சிறு போல்ட்டுகளாற் பிணைத்தது இது. 1970இல் ஜேர்மனியின் சில்டாக் நகரில் தோன்றிய பீ.பீ.எஸ். நிறுவனத்தின் பெயரால் இது புகழ்பெற்றது. பழைய கார்களைப் பேணும் அன்பர் சிலரிடம் இத்தகைய சில்லுகள் இன்றும் உண்டு.

முதல் மூன்றிலும் பெரும்பாலும் உள்ளே டியூப் இருக்கும். காற்றைக் காப்பது டியூப். நான்காவதில் டியூப் இல்லை. ஆகவே துண்டுகள் சேரும் இடமே காற்றைக் காத்தல் வேண்டும். அவ்விடத்திலுள்ள பசை பழுதுற்றால் காற்றுக் கசியும். அதனைப் புதுப்பித்தலையே காற்றுக் காப்பிடுதல் என்கிறோம்.

'கொஞ்சந்தான்' என்பதன் அளவு

பௌதிகம் பயின்ற மாணாக்கர், விசையானது அமுக்கத்தையும் பரப்பையும் பெருக்க வருவது என்பதை அறிவர். முச்சக்கர வண்டியின் சில்லில் இரு பாதிகளையும் பிரித்துத் தள்ளும்படி காற்றமுக்கம் தாக்கும் பரப்பு ஏறத்தாழ 60 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அமுக்கம் இருப்பின், பிரிக்கும் விசை 1,800 இறாத்தல். அதாவது 800 கிலோகிராமுக்கும் மேல். அவ்விளைஞன் சொன்ன 'கொஞ்சம்' என்பது 5 இறாத்தல் அமுக்கமே என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் விசை 300 இறாத்தல். இரண்டு ஆள் பாரம். கடைசி நட்டு மரையை விட்டு விலகும் கணத்தில் அப்பாரம் அவன் முகத்தை நோக்கிப் பாயும். ஆணி தைத்த டியூபிலிருந்து காற்று மெல்லவே கசிவதால், நசுங்கித் தோன்றும் டயரிலும் இவ்வளவு எஞ்சியிருத்தல் கூடும்.

பதினைந்து அங்குலக் காரின் சில்லில், 32 இறாத்தல் அமுக்கத்தில், இவ்விசை ஏறத்தாழ 2 தொன். இருபது அங்குல லொறிச் சில்லிலோ பரப்பு 350 சதுர அங்குலத்தை அணுகும். அமுக்கம் 100 இறாத்தல். விசை 35,000 இறாத்தல், அஃதாவது 15 தொன்னுக்கும் மேல். அதனைத் தடுத்து நிற்பது துருப்பிடித்த ஒரு பூட்டு வளையமாயின், அது தெறிக்கும்போது எதிரே நிற்பவன் தப்புதல் அரிது. அமெரிக்காவின் தொழிற் பாதுகாப்பு நிருவாகம் 1980இல், இத்தகைய சில்லுகளுக்கு இரும்புக் கூட்டினுள் வைத்தே காற்றடைக்க வேண்டுமென விதி வகுத்தமைக்குக் காரணம், அங்கு நேர்ந்த இத்தகைய மரணங்களே.

ஆகவே ஒன்றை இங்கேயே தெளிவாகக் கூறிவிடுகிறேன். பூட்டு வளையமுள்ள லொறிச் சில்லை வீட்டிற் பிரித்தல் ஆகாது. காப்புக் கூடும் பயிற்சியும் உள்ள வேலைத்தலத்துக்கே அதனைக் கொண்டுசெல்லல் வேண்டும். இனி நான் சொல்லப்போவன போல்ட்டுகளாற் பிணைத்த சில்லுகளுக்கு மாத்திரமே உரியன.

கசிவா, குளிரா?

மலைநாட்டிற் காற்றுக் குறைந்தால், 'குளிருக்குச் சுருங்கியது' என்று சிலர் அமைதி கூறுவர். அதனையும் கணக்கிட்டுப் பார்ப்போம். கொழும்பில் 31 பாகை வெப்பத்தில் 32 இறாத்தலுக்குக் காற்றடைத்த ஒருவர், 15 பாகை குளிருள்ள நுவரெலியாவை அடைகிறார். வளிமண்டல அமுக்கத்தையும் சேர்த்து உள்ளே இருப்பது 46.7 இறாத்தல். தனிவெப்பநிலை 304இலிருந்து 288க்கு இறங்க, உள்ளமுக்கம் ஏறத்தாழ 2.5 இறாத்தல் குறையும். ஆனால் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், அங்கே வெளியிலுள்ள வளிமண்டல அமுக்கமும் ஏறத்தாழ 3 இறாத்தல் குறைவு. அளவி காட்டுவது உள்ளமுக்கத்துக்கும் வெளியமுக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டையே. ஆகவே ஒன்று குறைத்ததை மற்றொன்று ஈடுசெய்துவிடுகிறது. மலையேறிய காரணத்தால் அளவி பெரிதும் மாறாது. வாரந்தோறும் காற்றுக் குறையுமாயின் அது குளிரன்று, கசிவே.

கசிவின் இடத்தை அறியாமற் சில்லைப் பிரித்தல் வீண்வேலை. சவர்க்கார நீரைத் தூரிகையாற் பூசிப் பார்க்க வேண்டும். அல்லது நீர்த்தொட்டியில் அமிழ்த்த வேண்டும். குமிழி வால்வின் அடியில் எழுந்தால், வால்வை மாற்றுவதே போதும். டயரின் ஓரத்தில் எழுந்தால், அவ்வோரம் அமரும் இடத்தைத் துப்புரவு செய்தாற் போதும். துண்டுகள் சேரும் கோட்டிலோ போல்ட்டின் தலையிலோ எழுந்தால், அப்போதுதான் காப்பைப் புதுப்பிக்க வேண்டும். ரிம்மின் வெடிப்பிலிருந்து எழுந்தாலோ, அச்சில்லின் வாழ்நாள் முடிந்தது. அதனைப் பசையால் ஒட்டுதலும், உள்ளே டியூபை இட்டு ஓட்டுதலும், நோயை மறைத்துப் பிணியாளனை மலையேறச் செய்வதற்கு ஒப்பானவை.

பிரித்தலும் துப்புரவும்

முதலிற் காற்று, பின்னரே நட்டு. வால்வின் உள்ளூசியை முற்றாகக் கழற்றி, சீறும் ஒலி அடங்கியபின், ஒரு மெல்லிய கம்பியை வால்வினுள் விட்டு அடைப்பு இல்லையென்று உறுதி செய்க. டயரின் இரு ஓரங்களும் ரிம்மைவிட்டு விலகும்வரை அழுத்திப் பார்க்க. முச்சக்கர வண்டியின் சில்லில் இருவகை நட்டுகள் உண்டு. ஒருவகை சில்லை வண்டியோடு பிணைப்பது. மற்றையது பாதிகளை ஒன்றோடொன்று பிணைப்பது. சில்லை வண்டியிலிருந்து எடுப்பதற்கு முன்வகையை மாத்திரமே தொட வேண்டும். இவ்விரண்டையும் மாறிக்கொண்டதாலேயே விபத்துகள் நேருகின்றன. பின்வகை நட்டுகளுக்குச் சிவப்பு வர்ணம் பூசிவைத்தல் நல்ல வழக்கம். என் அயலிலுள்ள வண்டிகள் பலவற்றுக்கு நானே பூசிக் கொடுத்திருக்கிறேன்.

மூன்று துண்டுச் சில்லாயின், பிரிக்குமுன் துண்டுகள் மூன்றிலும் ஒரே நேராகக் குறியிட்டுக்கொள்க. மீண்டும் அவ்வாறே சேர்த்தால்தான் வால்வுத் துளை பொருந்தும். சில்லின் சமநிலையும் கெடாது. பழைய சிலிக்கோன் பசையை மரச்சீவலாலோ பிளாஸ்ரிக் தகட்டாலோ சுரண்டி எடுக்க வேண்டும். உருக்குக் கத்தி அலுமினியத்திற் கீறலை உண்டாக்கும். அக்கீறலே அடுத்த கசிவுக்கு வழியாகும். பழைய பசை சிறிது எஞ்சினும் புதிய பசை அதன்மேற் பற்றாது. இறுதியில் ஐசோபுரோப்பைல் அற்ககோல் தோய்த்த வெண்துணியால், துணியில் அழுக்குப் படியாத வரை துடைக்க வேண்டும். அருகில் நெருப்பு இருத்தல் ஆகாது.

இங்கே நம் வீட்டு வழக்கங்கள் சில தீங்கு செய்யும். பித்தளைப் பாத்திரத்தைப் புளியாலும் சாம்பலாலும் துலக்கிய கை, அலுமினியத்தையும் அவ்வாறே துலக்க முற்படும். புளி அமிலம், சாம்பல் காரம், அலுமினியம் இரண்டாலும் தாக்குறும். எரிசோடாவோ அதனை உருகக் கரைத்துவிடும். சவர்க்கார நீரும் மென்மையான தூரிகையும் போதும்.

பூண்டுலோயாச் சூழலுக்குரிய பகை ஒன்று உண்டு. தேயிலைக்கு இடும் பசளைக் கலவையில் யூரியாவோடு பொட்டாசியம் குளோரைட்டும் சேர்வது வழக்கம். பசளை மூட்டை ஏற்றிய வண்டியிலும், பசளை சிந்திய தோட்டப் பாதையிலும் அது சில்லிற் படிகிறது. கடற்கரையில் உப்புக் காற்று செய்வதை, இங்கே இது மலையுச்சியிற் செய்கிறது. குளோரைட்டு அலுமினியத்திற் சிறு குழிகளை அரிக்கும்; உருக்குப் போல்ட்டும் அலுமினியமும் ஈரத்திற் சேருமிடத்தில் அரிப்பு இன்னும் விரையும். வைகாசி முதல் புரட்டாதி வரை நீடிக்கும் தென்மேற்குப் பருவமழை ஈரத்துக்குக் குறைவு வைப்பதில்லை. ஆகவே, பசளை ஏற்றிய நாளன்றே சில்லை நல்ல நீராற் கழுவிவிடுக. இதற்கு ஐந்து நிமிடமே செல்லும்.

உருக்குச் சில்லாயின், துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, துருத்தடுப்புப் பூச்சை மெல்லியதாகப் பூசுக. பாதிகள் சேரும் முகத்தில் வர்ணம் தடிப்பாக இருத்தல் கூடாது. நாளடைவில் வர்ணம் நசுங்க, நட்டு தளர்ந்துவிடும். டியூப் உள்ள இச்சில்லுக்குப் பசை வேண்டியதில்லை. டியூபிற் சிறிது வெண்தூள் தூவி, அளவாகக் காற்றூதி, இரு பாதிகளுக்கிடையே அது நசுங்காதபடி பார்த்துப் பொருத்துக. பொருத்தும்முன் அச்சிறு காற்றையும் இறக்கிவிடுக.

காப்பிடுதல்

மூன்று துண்டுச் சில்லை மீளப் பூட்டுகையிற் பலரும் செய்யும் பிழை, பசையைத் தாராளமாகச் சேரும் முகங்களுக்கிடையே அப்புதலாகும். பலமாகப் பிணைப்பது போல்ட்டு, பசையன்று. உலோகம் உலோகத்தோடு துப்புரவாகச் சேர வேண்டும். அவ்வாறு சேர்த்து, போல்ட்டுகளை ஒன்றுக்கு எதிர் மற்றொன்றாகப் பல சுற்றுகளில், முறுக்குவிசை காட்டும் ஸ்பேனரால், செய்தவர் குறித்த அளவுக்கு முறுக்குக. அளவு சில்லுக்குச் சில்லு வேறுபடும். ஊகித்து முறுக்குதல் ஆகாது. நீண்டோ, வளைந்தோ, மரை தேய்ந்தோ போன போல்ட்டை மீண்டும் இடுதல் கூடாது. சில்லைச் செய்தவர் வேறுவிதமாகப் பணித்திருந்தால் ஒழிய, இதன் பின்னரே டயர் இருக்கும் பக்கத்தில், துண்டுகள் சேரும் கோட்டின்மேற் பசையை இடைவிடாது ஒரே சுற்றாக இட்டு, விரலால் அழுத்தி வழிக்க வேண்டும்.

பசையிலும் வேறுபாடு உண்டு. வினாகிரி மணக்கும் சிலிக்கோன், இறுகும்போது அசற்றிக்கமிலத்தை வெளிவிட்டு உலோகத்தை அரிக்கும். அம்மணமில்லாத நடுநிலை வகையையே வாங்குக. சிலிக்கோன் காற்றிலுள்ள ஈரத்தாலேயே இறுகுவது. மலைநாட்டில் ஈரத்துக்குக் குறைவில்லை; ஆயினும் குளிர் அதனைத் தாமதிக்கச் செய்யும். மேற்றோல் சில நிமிடங்களிற் படிந்துவிடும். உள்ளே இறுக ஒரு நாளேனும் வேண்டும். குளிர்நாளில் இரண்டு நாள் பொறுத்திருங்கள். தோலைத் தொட்டுப்பார்த்து இறுகிவிட்டதென்று அவசரப்பட்டவர்கள் எல்லோரும் வேலையை இருமுறை செய்தவர்களே. அவர்களில் நானும் ஒருவன்.

டயரை ஏற்றியபின் காற்றடைக்கும்போது, நீண்ட குழாயைப் பற்றி, சில்லின் முகத்துக்கு நேரே நில்லாது ஒருபுறமாக நிற்க. டயரின் ஓரம் அமர்வதற்காக 40 இறாத்தலுக்கு மேற் செல்லாதிருக்க. பின் உரிய அமுக்கத்துக்கு இறக்கி, நீரில் அமிழ்த்திப் பார்த்து, ஓர் இரவு வைத்து மீண்டும் அளக்க. வண்டியிற் பூட்டி நூறு கிலோமீற்றர் ஓடியபின் சில்லின் நட்டுகளைத் திரும்பவும் சரிபார்க்க.

முடிவுரை

2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறக்கப்பட்டது. இடையில் வந்த 2022ஆம் ஆண்டின் நெருக்கடியை யாரும் மறந்திரார். அவ்வாண்டுகளில் உதிரிப்பாகம் கிடையாது, கிடைப்பினும் வாங்கப் பணம் போதாது, பழையதைத் தாமே துலக்கிப் பூட்டி ஓட்டியவர் எத்தனையோ பேர். ஒரு முச்சக்கர வண்டியே ஒரு குடும்பத்தின் உலையரிசியாக இருக்கும் ஊர் இது. தன் கையால் தன் வண்டியைப் பேணுதல் இழிவன்று, பெருமையே. ஆனால் கைத்திறனுக்கு முன் அறிவு செல்ல வேண்டும்.

அமுக்கம், பரப்பு, விசை என்ற மூன்றையும் நாம் கல்லூரியிற் பரீட்சைக்காகப் படித்தோம். அவை மலைப்பாதையின் வளைவில், மழையில் நனைந்தபடி ஒருவன் கையிற் பிடித்த ஸ்பேனரின் முனையில் உயிரோடிருக்கின்றன என்பதை நான் பிந்தியே உணர்ந்தேன். இதனைப் படிக்கும் மாணாக்கரே! நாளை வழியில் யாரேனும் சில்லின்மேற் குனிந்திருக்கக் கண்டால், 'தொழில் தெரிந்தவர்' என்று எண்ணிக் கடந்து செல்லாதீர்கள். நின்று, பணிவாக, 'காற்றை முழுதும் இறக்கிவிட்டீர்களா?' என்று ஒரு முறை கேளுங்கள். அன்று நான் தடுத்த அந்த இளைஞன் இப்போது பூண்டுலோயாவில் வண்டி ஓட்டுகிறான். பிறரிடம் அக்கேள்வியைக் கேட்பவன் அவனே.